கதையில் ராணி உள்ளே போவாள்

படம் நன்றாகத்தான் இருந்தது, சார். அந்தக் காலத்து மாயாஜாலப் படங்களில் அவ்வளவு செலவழித்து எடுத்தது அபூர்வம். கடைசி இரண்டு ரீல் கலர். ராணிக்கு உதட்டுச்சாயம் கொஞ்சம் கூடுதல். மந்திரவாதி காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தான். நடுவில் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சமையல்காரனும் அவன் பெண்டாட்டியும் வந்து அரைமணி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் பத்திரிகைக்காரர். தொடர்கதையாக வந்து பிறகு படமான மாயக்கதைகளை எடுத்துக்கொண்டு, கதை எப்படி, படம் எப்படி என்று ஒப்பிட்டு எழுதுகிறீர்கள். அத்திவரதரைச் சேவிக்கக் காஞ்சிபுரம் வந்த இடத்தில், அப்படியே எங்கள் தெருவுக்குள்ளும் நுழைந்து 'பவளத் தாழ்ப்பாள்' பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எதிர்வீட்டுத் தில்லையம்மாளில் ஆரம்பித்து ஏழு பேர் உங்களுக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். கதையில் ராணி ஏரிக்கு அடியில் இருக்கும் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாள், படத்தில் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்று. நீங்களோ உங்கள் ஆபீசில் பழைய இதழ்களை எல்லாம் புரட்டிப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் ராணி உள்ளே போகவே இல்லை. கதைக்கும் படத்துக்கும் ஒரே முடிவுதான். ஏழு பேரும் எப்படி ஒரே மாதிரி தப்பாகச் சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. காதால் கேட்டதைச் சொன்னார்கள். படித்துக் காட்டியவன் நான்.

என் பெயர் மயில்வாகனம். நெசவுக் குடும்பம்தான், ஆனால் நான் நெய்கிறவன் இல்லை. பாவு பிணைப்பது என் வேலை. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் பழைய பாவு தீரும் நேரத்தில் புதுப் பாவைக் கொண்டுவந்து வைத்து, ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பழைய நுனியோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். முடிச்சு விழக் கூடாது. எங்கே பழசு முடிந்தது, எங்கே புதுசு தொடங்கியது என்று தறிக்காரனுக்கே தெரியக் கூடாது. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் எங்கள் வரிசையில் நான் ஒருவன்தான். கல்யாணம் அமையவில்லை. தம்பி சபாபதியோடு இருந்தேன். அவன்தான் நெசவாளி.

அவன் பெண்டாட்டி கலாவதி. தென்னேரியில் பிறந்தவள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்றால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற கட்டையை, கரை நாடா என்போம், கோத்துக் கொடுக்க வேண்டும். சபாபதிக்கு வலது பக்கம் அவள். இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படாது. அவன் கை நிற்கிற இடத்தில் அவள் கை ஆரம்பிக்கும். பார்க்க நன்றாக இருக்கும். நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, குமாரசாமி. அறுபத்தாறாம் வருஷம் கார்த்திகை மழைக்கு அவள் தாய்வீடு போயிருந்தாள். தென்னேரி ஏரி எவ்வளவு பெரிசு என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தால் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க வரும். அந்தக் கூட்டத்தில் நாலு வயசுப் பிள்ளை அவள் கையை விட்டுவிட்டது. மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இப்போது உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சோறு வைத்தால் இரண்டு வாய் தின்பாள். சபாபதி கூப்பிட்டுப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், ஒருநாள் தறிக்குழியில் தனியாக உட்கார்ந்து அழுதான். கரை நாடாவில் நூல் அப்படியே காய்ந்து கிடந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாரப் பத்திரிகை வியாழக்கிழமை வரும். நாலு மணிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தறிக்கூடத்துக்கு வந்து, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே உட்காருவார்கள். நான் தொடர்கதையை வாய்விட்டுப் படிப்பேன். அவர்களில் யாருக்கும் எழுத்து தெரியாது. சபாபதி கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். தெருவில் படிக்கத் தெரிந்த ஆம்பிளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கட்சிப் பத்திரிகைதான் படிப்பு. மாயாஜாலக் கதை பெண்பிள்ளை சமாசாரம் என்று அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

அறுபத்தேழு சித்திரையில் 'பவளத் தாழ்ப்பாள்' தொடங்கியது. மேகவல்லி என்று ஒரு ராணி. மந்திரவாதி ஒருவன் அவள் குழந்தையைத் தூக்கிப் போய் ஏரியில் எறிந்துவிடுகிறான். அந்த ஒன்பதாவது அத்தியாயத்தை நான் படிக்கும்போது, எங்கிருந்தோ 'அப்புறம்?' என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கலாவதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாசத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். தில்லையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சபாபதி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பத்திரிகையை நான் எப்போதும் முன்கூட்டியே ஒருமுறை மனசுக்குள் படித்துவிடுவேன். பன்னிரண்டாவது அத்தியாயத்தில், எறிந்த அன்றே குழந்தை செத்துவிட்டது என்று எழுத்தாளர் எழுதிவிட்டார். ஏரிக்கு அடியில் ஒரு கதவு, அதற்குப் பவளத்தில் ஒரு தாழ்ப்பாள், உள்ளேயிருந்து குழந்தை கூப்பிடுவது மாதிரி ஒரு குரல், இவையெல்லாம் மந்திரவாதி ராணியைக் கொல்வதற்குச் செய்த மாயை. நீங்கள்தான் படித்திருக்கிறீர்களே. நான் மாற்றிப் படித்தேன். குழந்தை உயிரோடு இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் ஒரு மண்டபத்தில் வளர்கிறது, மீன்கள் அதற்குக் காவல் என்று படித்தேன். அன்று செய்ததைத் தப்பென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்த வாரமே அவள் தறியில் உட்கார்ந்தாள்.

ஒரு சங்கடம், படங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓவியர் ஒரு படம் போட்டிருப்பார். படித்து முடித்ததும் பத்திரிகையைச் சுற்றுக்கு விட வேண்டும். ராணி சின்னத் தண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகிற படம் ஒருமுறை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னேன். குழந்தைக்குக் கால் பெரிதாகிவிட்டது, பழைய தண்டை போதவில்லை, மீன்கள் அதைத் தாயிடம் கொடுத்தனுப்பியிருக்கின்றன. கலாவதி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா, காலு பெருசாத்தான் ஆயிருக்கும்" என்றாள்.

தண்ணீருக்கு அடியில் ஒரு பிள்ளை எப்படி உயிரோடு இருக்கும் என்று தில்லையம்மாள் ஒருநாள் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கலாவதி பதில் சொல்லிவிட்டாள்.

"நம்ம ஊர்ல பெருமாளே குளத்துக்கு அடியில படுத்துக்கினுதானே இருக்குறாரு. நாப்பது வருசம் கழிச்சி எடுத்தா முழுசா வெளிய வராரு. தண்ணி எல்லாத்தையும் அழிச்சிடாதும்மா. சிலதைப் பத்திரமா வச்சிக்கினு இருக்கும்."

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் அப்படி ஒரு எண்ணம் வந்திருக்காது. இந்த ஊரில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ராட்டைகள் பாட்டுக்குச் சுற்றின.

அச்சில் கதை ஐம்பத்தெட்டு வாரத்தில் முடிந்தது. ராணி மாயையைப் புரிந்துகொண்டு, கதவைத் திறக்காமலே கரையேறி, ஒரு மீனவப் பெண்ணின் அனாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். நல்ல முடிவுதான். ஆனால் எங்கள் தறிக்கூடத்தில் கதை முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் வேறு என்னவோ கதை இருக்க, நான் பாட்டுக்கு மேகவல்லியைப் படித்தேன். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பிணைத்த இடம் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் படித்தேன். சமையல் குறிப்புக்குமேல் கண்ணை ஓட்டிக்கொண்டு யுத்தம் நடத்தியிருக்கிறேன்.

பிள்ளைக்குப் பல் விழுந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது. ஒரு வாரம் அம்மை வார்த்தது; அந்த வாரம் முழுவதும் கலாவதி தாளிக்காமல் சமைத்தாள். ஆரம்பத்தில் 'ராஜா புள்ள' என்பாள். அப்புறம் 'புள்ள' என்றாள். பாவு பிணைக்க நான் வெளியே கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "மாமா, புள்ள இப்ப என்னா ஒசரம் இருக்கும்?" என்று கேட்பாள். நான் கையால் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே காட்டுவேன். சபாபதி அவளிடம் ஒருநாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். என்னிடம் அவளுக்குக் கேட்க எப்போதும் ஏதாவது இருக்கும். எனக்கும் அது பிடித்திருந்தது. இதில் வேறு விதமாக நினைக்க ஒன்றும் இல்லை. அவள் விரலைக்கூட நான் தொட்டதில்லை.

எழுபத்தொன்று பொங்கலுக்கு 'பவளத் தாழ்ப்பாள்' படமாகி மெட்ராசில் வெளிவந்தது. எங்கள் ஊருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். நான் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதையையும் படத்தையும் ஒப்பிட உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கதையில் பிள்ளையின் குரல் ராணிக்கு மட்டும்தான் கேட்கும். படத்தில் அது தரை டிக்கெட்டிலிருந்து பால்கனி வரைக்கும் கேட்டது. எல்லாருக்கும் கேட்கிற குரலில் என்ன இருக்கிறது? ஏரிக்கு அடியில் இறங்குவதைக் கதையில் ஒன்பது வாரம் எழுதியிருந்தார். படத்தில் கண்ணாடித் தொட்டி, நாலு மீன், பின்னால் வரைந்த துணி, இரண்டே நிமிஷம். மற்றபடி கதையை மாற்றவில்லை. கொஞ்சமாவது மாற்றியிருக்கலாம். மூன்றாவது ரீலில் பிள்ளையின் உடல் தண்ணீரில் மிதப்பதை நன்றாகக் காட்டினார்கள். பொம்மைதான். பொம்மை என்று தெரிந்தும் என் பக்கத்தில் இருந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

எங்கள் தெருச் சுவரிலும் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். வண்டியில் குழாய் கட்டிக்கொண்டு நோட்டீஸ் போட்டுப் போனார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் காது இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை தில்லையம்மாள் ஓடி வந்தாள்.

"கலா, நம்ம கதைதாம்மா. சினிமாவா வருதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத ஆட்டம். இந்தத் தெருவே போவுது."

கலாவதி கரை நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் நாலு வருஷமாக நான் பார்க்காத ஒரு களை.

"மாமா, சினிமான்னா புள்ள மொகம் தெரியும் இல்ல?"

நான், "தெரியும்மா" என்றேன்.

அந்த இரண்டு நாள் நான் யோசித்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் யோசித்ததில்லை. படத்தில் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆனால் காதுக்கும் கண்ணுக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மிதக்கிற பிள்ளையை அவள் பார்த்துவிட்டால் முடிந்தது. பெற்றவளுக்கு ஒரே பிள்ளை இரண்டு தடவை சாகக் கூடாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் யோசிக்காமல் இல்லை. சொன்னால், அதற்குப் பிறகு அவள் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். யோசனை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து நின்றது.

ஆகவே படம் வருவதற்குள் கதையை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முடிவுக்கான ஏற்பாடு என் கதையில் ஏற்கெனவே இருந்தது. மார்கழியில் ஒரு வாரம், பவளத் தாழ்ப்பாள் எதற்குத் திறக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. தாய் தன் கையாலேயே நெய்த பட்டை, பிள்ளையின் வயசுக்குச் சரியான அளவில் கொண்டுபோனால் திறக்கும் என்று படித்திருந்தேன். அப்போதைக்கு வாயில் வந்தது. அடுத்த வாரம் பார்த்தால், சபாபதி ஒரு சேலையை அறுத்தபிறகு பாவில் மிச்சம் இருந்த துண்டு இடத்தில் கலாவதி தனியாக உட்கார்ந்து சின்ன வேட்டி ஒன்று நெய்துகொண்டிருந்தாள். வெள்ளை உடல், அரக்குக் கரை. சின்னத் துண்டுதான், இரண்டு ஆள் வேலையை இடம் மாறி மாறி உட்கார்ந்து அவளே செய்தாள். சபாபதி கேட்டதற்குக் குமரகோட்டத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டாள். நெசவாளி வீட்டில் சாமிக்குத் துண்டு நெய்வது சகஜம். அவன் சரி என்று விட்டுவிட்டான். சாமிக்கு நெய்கிறவர்கள் அளவு கேட்கமாட்டார்கள். அவள் என்னிடம் கேட்டாள். எட்டு வயசுப் பிள்ளையின் இடுப்பு. நான் கணக்குச் சொன்னேன்.

வியாழக்கிழமை சபாபதி நெய்த சேலையைக் கொடுக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருந்தான். பெண்கள் மறுநாள் சினிமாவுக்காக வேலையை முன்கூட்டி முடிக்கிற அவசரத்தில் யாரும் வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை. நாலு மணிக்கு அவள் ஒருத்திக்கு மட்டும் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். தை மாசத்து வெள்ளிக்கிழமை, ஏரி நிறைந்திருக்கிற நேரம், உச்சிப்பொழுது. ராணி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கலங்கலுக்கு வலதுபுறம் இறங்குகிறாள். முதலில் குளிரும், பிறகு மூச்சு முட்டும், அதற்குப் பயந்து திரும்பிவிடக் கூடாது, பயந்து திரும்பியவர்களுக்குக் கதவு கிடையாது என்று படித்தேன். கடைசியில் தாழ்ப்பாள் விலகுகிறது. பிள்ளை ஓடி வருகிறது. நான் படித்ததிலேயே அதுதான் நன்றாக அமைந்தது.

அவள் எழுந்தாள். ராட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சபாபதிக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை தாய்வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். சனிக்கிழமை காலையில் ஏரியில் கண்டெடுத்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள் தூக்கியபோது அந்தச் சின்ன வேட்டி நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்ததாம். கலங்கலில் கால் வழுக்கிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துத் தில்லையம்மாளும் மற்றவர்களும் கதையின் முடிவைக் கேட்டார்கள். சொன்னேன். அதற்கப்புறம் அந்த வேட்டி எதற்கென்று அவர்களுக்கு விளங்கியது. சபாபதிக்கும் விளங்கியது. அவன் கத்தவில்லை. படம் மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்னிக்குப் போனான். படத்தில் ராணி தாழ்ப்பாள்மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு மேலே நீந்துகிற இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தான்.

"படத்துல அவ போவலியே அண்ணே" என்றான். "படம் எடுத்தவனுக்கு இருக்கிற மனசு கதை எழுதினவனுக்கு இல்லியே. இந்த மாரி எழுதியிருந்தா என் பொண்டாட்டி இருந்திருப்பாளே."

"ஆமாம்" என்றேன். "எழுதினவன் யோசித்திருக்க வேண்டும்."

அன்றைக்கே என்னைக் கடிதம் எழுதச் சொன்னான். எழுத்தாளர் நல்லா இருக்கமாட்டார், அவர் பிள்ளைகுட்டி விளங்காது என்று வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போனான். நான், தங்கள் கதையை எங்கள் தெருவே கூடி அமர்ந்து கேட்டது, தங்கள் தொண்டு வளர்க என்று எழுதிப் போட்டேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. நன்றி, ஆதரவு தேவை என்று இரண்டு வரி. உங்கள் வீட்டில் நடந்ததை அறிந்து மனம் நொந்துபோனேன், இனி என் கையால் அப்படி எழுதமாட்டேன் என்று சபாபதிக்குப் படித்துக் காட்டினேன். அவன் அதை வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தான். எழுபத்தாறில் நெஞ்சுநோயில் கிடந்தபோது அந்தக் கார்டை எடுத்து மறுபடி படிக்கச் சொன்னான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் படித்த வார்த்தைகளையே, ஒன்று பிசகாமல் படித்தேன். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான்.

இப்போது தறிக்கூடத்தில் யாரும் இல்லை. தறியை விற்கவும் மனசு வரவில்லை. வியாழக்கிழமை நாலு மணியானால் நான் பத்திரிகையை விரித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராமல் இருந்து பார்த்துவிட்டேன். சமையல்கட்டில் இருந்தாலும் சரி, கோயிலுக்குப் போய் நின்றாலும் சரி, வலது பக்கத்தில் கரை நாடா ஓடுகிற சத்தம் கேட்கும். என்னைத் தவிர யாருக்கும் கேட்பதில்லை. உட்கார்ந்து வாயைத் திறந்தால் சத்தம் நிற்கும். நின்றதும், 'அப்புறம் மாமா?' என்று வரும். அதுதான் கஷ்டம். கதவு திறக்கிறவரைக்கும்தான் நான் யோசித்து வைத்திருந்தேன். உள்ளே போனபிறகு என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். போன வாரம் அத்திவரதர் வரிசையில் ஆறு மணி நேரம் நின்றேன். என் முறை வந்தபோது ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. குனிந்துகொண்டே வந்துவிட்டேன். தண்ணீருக்குள் இருந்து வந்தவர் அல்லவா.

நீங்கள் எழுதப்போவதில் கதையும் படமும் ஒரே முடிவுதான் என்று போடுவீர்கள். தெருவில் யாராவது படித்துக் காட்டுவார்கள். இப்போது பள்ளிக்கூடம் போன பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். போடுங்கள், உண்மை அதுதான். நான் உங்களைத் தடுக்கவில்லை. ஆனால் அவளை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை சபாபதி குளிக்கப் போயிருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"மாமா, கோவிச்சிக்காதீங்க. நேத்து படிச்சீங்களே. அது அப்படியே புஸ்தகத்துல எழுதியிருக்குதா? எனக்கோசரம் நீங்களா ஒண்ணும் சொல்லலியே?"

நாலு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அலமாரியிலிருந்து பத்திரிகையை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்தேன். "இதோ பாரும்மா, எழுதியிருக்கிறது" என்றேன். பச்சைக் குழந்தைகளுக்கு வயிற்று வலி வந்தால் கொடுக்கிற மருந்தின் விளம்பரம் அது. அவள் குனிந்து அந்த வரியை உற்றுப் பார்த்தாள். அப்புறம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வாலாஜாபாத் பஸ் நிற்கிற இடம்வரைக்கும் பையை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். முகூர்த்த நாள், பஸ்ஸில் ஏகப்பட்ட கூட்டம். கண்டக்டரிடம் சொல்லி ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்துக் கொடுத்த பிறகுதான் இறங்கினேன். அவ்வளவு தூரம் அவள் நின்றுகொண்டே போக வேண்டாமே என்பதுதான் அன்றைக்கு எனக்கு ஒரே கவலை.